விறகுக் கொட்டிலில் கட்டிய நாய்

நாயின் பல் பட்டது என் மனைவியின் இடது மணிக்கட்டில். கீறல்கள் இரண்டு. ஒன்று நெல்மணி அளவு, மற்றது அதைவிடக் கொஞ்சம் நீளம். நீளமானதில் மட்டும் இரத்தம் கசிந்து நின்றது. கடி என்று அதைச் சொல்ல முடியாது. நாய் குப்பைக் கிடங்கிலிருந்து அழுகிய மீன்தலை ஒன்றை இழுத்து வந்தது. தின்றால் அதற்கு வயிற்றுக்கு ஆகாது என்று இவள் வாய்க்குள் கையை விட்டுப் பறித்தாள். அது விடவில்லை. கடைசியில் பாதித் தலை இவள் கையிலும் மீதிப் பாதி நாயின் வயிற்றிலும் போய்ச் சேர்ந்தது.

அறுபதுகளின் நடுவில், ஒரு மாரிகாலத்துச் சனிக்கிழமை அது. திருகோணமலையில் உட்துறைமுகத்துக்குக் கிட்ட, ஒரு ஒழுங்கையில் வாடகைக்கு இருந்தோம். நான் துறைமுகத்தில் சரக்கு எண்ணுகிற கிளாக்கர். கப்பலிலிருந்து மூட்டை இறங்க இறங்கக் கோடு போடுவதுதான் வேலை. நான்கு கோடு நேராக, ஐந்தாவது குறுக்காக. கப்பல்காரர் பக்கத்தில் ஒருவர் எண்ணுவார், கரைப் பக்கத்தில் நான் எண்ணுவேன். பொழுதுபட இரண்டும் ஒத்து வரவேண்டும். அந்தப் பழக்கம் இன்று வரை என்னை விடவில்லை. சோற்றில் கல் வந்தாலும் எத்தனையாவது கல் என்று எண்ணிவிட்டுத்தான் துப்புகிறேன்.

மனைவிக்கு அப்போது எட்டு மாதம் முடிந்து ஒன்பதாவது நடந்துகொண்டிருந்தது. அதற்கு முன்பு இரண்டு தங்கவில்லை.

வேறு காலமாக இருந்தால் மஞ்சளைப் பூசிவிட்டு மறந்திருப்போம். அந்தக் கிழமைதான் மீன்சந்தைப் பக்கம் வெறிபிடித்த விசர்நாய் ஒன்று ஓடித் திரிந்து, எதிர்ப்பட்ட நாய்களையெல்லாம் கடித்திருந்தது. பட்டினசபை ஆட்கள் அதைச் சுட்டார்கள். சுடுவதற்கு முன் அது கடித்தவை சந்தைக்காரரின் கணக்கில் மூன்று, எங்கள் ஒழுங்கையின் கணக்கில் ஒன்பது. எங்கள் நாயின் வலது காதில் ஒரு புண் காய்ந்துகொண்டிருந்தது. அது எப்போது வந்த புண் என்று எனக்கும் தெரியவில்லை, மனைவிக்கும் தெரியவில்லை. சேலைத் தலைப்பால் மணிக்கட்டை மூடிக்கொண்டு, அது முள்ளுக்கம்பி கிழித்த காயமாக இருக்கும் என்றாள் அவள். இருக்கும்தான். எங்கள் வேலியில் முள்ளுக்கம்பியும் இருந்தது. ஆனால் நாய் சந்தைப் பக்கம் போய் வருவதும் வழக்கம்தான்.

அன்று பின்னேரமே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் எங்களைவிடப் பத்து வயது மூத்தவர். சவர்க்காரம் போட்டுக் காயத்தை நெடுநேரம் கழுவினார்.

"உங்கட நாயோ?"

"ஓம்."

"இப்ப எப்பிடி நிக்குது? சாப்பிடுதோ?"

"சாப்பிட்டபடியால்தானே டொக்டர் இந்தக் கரைச்சலே வந்தது" என்றாள் மனைவி.

அவர் சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார்.

"கட்டி வையுங்கோ. பத்து நாளைக்கு அவிழ்க்கக் கூடாது. பத்து நாளும் நாய் நல்லா நிண்டால், பல்லுப் பட்ட அண்டைக்கு அதுக்கு விசர் இல்லையெண்டு அர்த்தம். ஊசி தேவையில்லை. இடையில செத்தாலோ, குணம் மாறினாலோ உடனே வரவேணும்."

"வந்தால்?"

"வந்தால் ஊசிதான். வயித்தைச் சுத்திப் பதினாலு."

மூவரும் ஒரே இடத்தைப் பார்த்தோம். மனைவி கைகள் இரண்டையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

"இந்த நேரத்தில அதைத் தொடங்க எனக்கும் விருப்பமில்லை" என்றார் டாக்டர். "நாயைக் கவனமாப் பாருங்கோ."

இப்படித்தான் அந்த நாயின் உயிர் எங்களுக்குத் தேவைப்பட்டது. அதுவரை அது வீட்டில் இருந்தது, அவ்வளவுதான். பெயர்கூட வைக்கவில்லை. மண்ணிறம், வாலின் நுனி மட்டும் வெள்ளை. "இஞ்சா, இஞ்சா" என்று மனைவி கூப்பிட்டால் வரும், நான் கூப்பிட்டால் யோசிக்கும். அன்று பொழுதுபட அதைக் கிணற்றடிக்கு அப்பால் இருந்த விறகுக் கொட்டிலில் புதுக் கயிற்றால் கட்டினேன். கிடுகுக் கூரை ஒழுகுகிற இடத்தில் ஒரு தகரத்தைச் செருகினேன். மனைவி கொட்டில் பக்கமே வரக்கூடாது என்று சொன்னேன்.

மறுநாள் காலை லோஞ்சுப் படகில் மாமி வந்து இறங்கினார். மாமிக்கு ஊர் கட்டைபறிச்சான், கொட்டியார்க் குடாவுக்கு அந்தக் கரை. மகளின் பிள்ளைப்பேற்றுக்காக ஒரு மாதம் முன்னதாகவே வருவதாகச் சொல்லியிருந்தார். அந்த லோஞ்சில் இயந்திரம் ஓட்டுகிறவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், மூதூரில் பிறந்து பட்டினத்தில் பெண் எடுத்த முஸ்லிம் மனிதர். நான் அவரை அண்ணன் முறையில் நானா என்பேன், அவர் என்னைக் கிளாக்கர் என்பார். மாமியின் சாமான்களைச் சுமந்துகொண்டு படலை வரை அவரே வந்துவிட்டார்.

"கிளாக்கர், உங்கட மாமி ஏறின நேரம் லோஞ்சி ஒரு பக்கம் சரிஞ்சி போச்சி. ஊருல ஒண்டையும் மிச்சம் வைக்கல்ல போல."

"வாயைப் பார்" என்றார் மாமி. "நாலு பைக்குச் சரியிற லோஞ்சை வைச்சுக்கொண்டு சனத்தை ஏத்துறியளே, அதைச் சொல்லும்."

நாலு இல்லை, ஐந்து. அதில் ஒன்றை மாமி எவர் கையிலும் கொடுக்கவில்லை. பிள்ளைப்பேற்றுக்கான சரக்கு அது: மல்லி, மிளகு, சீரகம், திப்பிலி, வேர்க்கொம்பு, மஞ்சள், உள்ளி எல்லாம் காயவைத்துத் துணியில் முடிந்தது. பிள்ளை பெற்றவளுக்கு அதை அரைத்து, பால்சுறா போட்டுக் காய்ச்சிக் கொடுப்பார்கள். உடம்பில் போன பலம் திரும்பி வரும், வயிற்றிலுள்ள அழுக்கு இறங்கும் என்பது நம்பிக்கை. மாமி அந்த முடிச்சைக் குசினி அலுமாரியில் வைத்துப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் விஷயத்தைச் சொன்னோம்.

மாமி மகளின் கையைப் பிடித்து, கீறலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பீ தின்னுற சாதியை வீட்டில வைச்சிருந்தால் இப்பிடித்தான்" என்றார். பிறகு, "தம்பி, அது செத்தால்தானே ஊசி?" என்று கேட்டார்.

"ஓம் மாமி."

"சாகாட்டில் இல்லை?"

"இல்லை."

மாமி எழுந்துபோய்க் கொட்டில் வாசலில் நின்று நாயைப் பார்த்தார். நாயும் பார்த்தது.

திங்கட்கிழமை விடியத் தொடங்கியது எல்லாம். வைத்த சோறு வைத்தபடி இருந்தது. நாய் கொட்டிலின் மூலையில் சுருண்டு கிடந்தது. வாயோரத்தில் நூல் நூலாக எச்சில். எச்சில் வடிந்தால் விசர் என்பது சிறுவயதிலிருந்தே கேட்ட கதை.

வேலிக்கு அந்தப் பக்கம் நானா பல் துலக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு வேலியடிக்கு வந்தார். அவர் நாயைத் தொடமாட்டார், அவர்கள் வழக்கம் அப்படி. ஆனால் எட்டிப் பார்ப்பதற்குத் தடை இல்லை.

"தண்ணி வச்சிப் பாருங்க கிளாக்கர். விசர் புடிச்ச நாய் தண்ணியக் கண்டா ஒதுங்கும்."

ஒரு பழைய இனாமல் கோப்பையில் தண்ணீர் வைத்தேன். நாய் தலையைத் திருப்பிக்கொண்டது.

நானா வாயைக் கொப்பளித்துத் துப்பினார். நான் கோப்பையைக் கொஞ்சம் கிட்டத் தள்ளினேன். நாய் கண்ணை மூடியது. இன்னும் கிட்டத் தள்ளினேன். நானா லோஞ்சுக்கு நேரமாகிறது என்று போகாமல் அங்கேயே நின்றார். வெகுநேரத்துக்குப் பிறகு நாய் தலையைத் தூக்கி, கோப்பையை முகர்ந்து, நாக்கைப் போட்டது. நான் எண்ணினேன். பதினெட்டு நக்கு.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் நானா. "குடிக்குதே. நீங்க ஏன் வேர்த்துப் போய் நிக்கீங்க?"

அவர் சொல்லி முடிக்கவில்லை, நாய் குடித்ததையெல்லாம் கக்கியது. தண்ணீரோடு மீன் செதிளும் ஒரு செவுளும் வந்தன. பிறகு எழுந்து, கயிறு எட்டும் தூரத்துக்குப் போய்க் குந்தியது. தண்ணீராகப் போனது. அன்று காலை நான் வேலைக்குப் போவதற்குள் நான்கு தரம்.

அந்தச் செவுளைப் பார்த்ததும் எனக்கு அரைவாசி நிம்மதி. இது மீன்தலை செய்த வேலைதான், வயிற்றுக் கோளாறுதான். ஆனால் மற்ற அரைவாசி போகவில்லை. வயிற்றாலே போயும் நாய் சாகும். எதனால் செத்தது என்று யார் சொல்வது? செத்தால் தலையைப் பனிக்கட்டியில் வைத்துக் கொழும்புக்கு ரயிலில் அனுப்பிச் சோதிக்க வேண்டும் என்றும், பதில் வரும்வரை காத்திருக்க ஏலாது, ஊசியைத் தொடங்கத்தான் வேண்டும் என்றும் ஆஸ்பத்திரித் தாதி மிஸி ஒருவர் சொல்லியிருந்தார்.

மிருக வைத்தியரின் கந்தோருக்குப் போனேன். மாடுகளுக்கு ஏதோ நோய் என்று அவர் குச்சவெளிப் பக்கம் போய்விட்டார், வரக் கிழமையாகும் என்றார் பியோன். "என்ன மாடு உங்களுக்கு?" என்று கேட்டார். நாய் என்றேன். ஒரு நாய்க்காகவா மழையில் வந்தாய் என்பதுபோலப் பார்த்தார்.

செவ்வாய் காலை டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கக்கியது, எச்சில், போன தடவைகள், தண்ணீர் குடித்தது, செவுள். எதையும் மறைக்கவில்லை. அவர் கேள்விமேல் கேள்வி கேட்டார். நாயின் தாடை தொங்குகிறதா, குரல் மாறியிருக்கிறதா, நடை தள்ளாடுகிறதா, விறகைக் கடிக்கிறதா. இல்லை, இல்லை, கொஞ்சம், இல்லை.

"வயித்துக் கோளாறு மாதிரித்தான் கிடக்கு. ஆனா நான் மிருகத்துக்குப் படிக்கேல்லை" என்றார். "இண்டைக்கு ஒண்டும் குடுக்க வேண்டாம், தண்ணி மட்டும். நாளையில இருந்து கஞ்சித்தண்ணி, உப்பும் துளி சீனியும் போட்டு. கொஞ்சம் கொஞ்சமா. வேற ஒண்டும் வாயில படக்கூடாது. வெள்ளிக்கிழமை காலமை போற வழியில நானே வந்து பாக்கிறன்."

"அண்டைக்கும் இப்பிடியே கிடந்தால்?"

"எழும்பி நிக்காட்டில் ஊசியைத் தொடங்குவம். அதுக்கு மேல பொறுக்கிறது சரியில்லை."

வீட்டுக்கு வந்து குசினி வாசலில் நின்று உத்தரவு போட்டேன். கஞ்சித்தண்ணி மட்டும். நான் காலையில் ஒரு கோப்பை கொடுப்பேன், பின்னேரம் ஒரு கோப்பை கொடுப்பேன். இடையில் மாமி அரைக் கோப்பை வைக்கவேண்டும். சோறு இல்லை, பால் இல்லை, மீன் கழுவிய தண்ணீர் கூட இல்லை. மாமி தலையாட்டினார். வெற்றிலையை மென்றுகொண்டே, "நீர் சொன்னால் சரி தம்பி" என்றார். மாமி என்னை நீர் என்று சொல்வது கோபத்தில் மட்டும்தான் என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை.

புதன்கிழமை காலை நாய் எழுந்து நின்றது. கஞ்சித்தண்ணியைக் குடித்தது, கக்கவில்லை. வயிற்றாலே ஒரு தரம்தான் போனது, அதுவும் கொஞ்சம் தடித்து. நான் வேலைக்குப் போகும் வழியெல்லாம் ஆஸ்பத்திரிப் பக்கம் பார்த்துக்கொண்டே போனேன், டாக்டரை வழியில் கண்டால் சொல்லலாம் என்று. பின்னேரம் வந்தேன். நாய் படுத்துக் கிடந்தது. அசுத்தத்தைக் குசினிச் சாம்பலால் மூடுவது எங்கள் வழக்கம். மாமி மூடியிருந்த சாம்பல் குவியல்களை எண்ணினேன். ஏழு.

"பகல் எப்பிடி மாமி?"

"ஒண்டும் பெரிசாயில்லை."

"ஏழு கிடக்கு."

"எண்ணினியளோ?" என்றார் மாமி. "பிள்ளை, உன்ரை புரியன் நாய்ப் பீயையும் எண்ணுறார்."

உள்ளே மனைவி சிரிப்பது கேட்டது. பல நாட்களுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொட்டிலுக்குள் குனிந்தபோது உள்ளி வாசம் அடித்தது. பக்கத்து வீட்டில் புரியாணி போலும் என்று நினைத்தேன்.

வியாழன் காலை மறுபடி நாய் தேறியிருந்தது. வாலைக்கூட ஒரு தரம் அசைத்தது. எனக்கு அது மகிழ்ச்சியாக இல்லை. காலையில் தேறுகிறது, பின்னேரம் விழுகிறது. ஒரு கோப்பை, அரைக் கோப்பை, ஒரு கோப்பை என்று ஏற்றுகிறோம். ஏற்றியதைவிட இறங்குவது கூடுதலாக இருக்கிறது. துறைமுகத்தில் இப்படி ஒரு கணக்கு வந்தால் நான் என்ன செய்வேன்? எங்கோ எனக்குத் தெரியாமல் ஒரு சரக்கு ஏறுகிறது என்று உடனே எழும்பிப் போய்ப் பார்ப்பேன். நாய் விஷயத்தில் அந்த யோசனை வரவில்லை. குடலுக்குள் ஏதோ புண், அதுதான் பெருகுகிறது என்றுதான் பயந்தேன். விசர் நாளுக்கு நாள் ஏறும் என்று யாரோ சொன்னதும் கூடவே வந்தது.

மனைவியிடம் வெள்ளிக்கிழமையைப் பற்றிச் சொல்லியிருக்கவில்லை. அவள் எப்படியோ அறிந்திருந்தாள். நான் சேர்ட்டுப் போட்டுக்கொண்டு நின்றபோது, "இஞ்சருங்கோ, பதினாலும் ஒரே இடத்தில போடுவினமோ, மாத்தி மாத்திப் போடுவினமோ?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். அவள் கதிரையில் இருந்தபடி வயிற்றின்மேல் விரலால் ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று பத்து மணிபோல் மழை பலத்தது. மழை வந்தால் மா மூட்டை இறக்க முடியாது, கப்பலின் வாயை மூடிவிடுவார்கள். நாங்கள் கரையில் ஒதுங்கி நின்றோம். கடல் குழம்பியிருந்ததால் மூதூர் லோஞ்சும் ஓடவில்லை. நானா இறங்குதுறைத் தகரக் கூரைக்குக் கீழே பீடி பற்றவைத்தபடி நின்றார். என்னைக் கண்டதும் கோபமாக முகத்தை வைத்துக்கொண்டார்.

"என்ன கிளாக்கர், பக்கத்துல இருந்தும் சொல்லாம விட்டுட்டீங்களே. என்ன புள்ள?"

"என்ன பிள்ளை?"

"ஆம்புளையா பொம்புளையா எண்டு கேக்கன்."

"இன்னும் பிறக்கேல்லை நானா. நாள் கிடக்கு."

அவர் பீடியை வாயிலிருந்து எடுத்தார். "அப்ப பால்சுறா ஆருக்கு?"

"எந்தப் பால்சுறா?"

"உங்கட மாமி செவ்வாய்க்கிழமையில இருந்து என்னட்டப் பால்சுறா எடுப்பிக்கா. சின்னதாப் பாத்து, பிஞ்சாப் பாத்துக் கொண்டா எண்டா. காலையில வேலிக்கு மேலால குடுக்கன். எங்கட வீட்டுப் பொம்புளைகள் அம்மியில சரக்கு அரைக்கிற சத்தமும் கேக்குதெண்டாங்க. பெத்தாச்சி, கண்ணூறு படும் எண்டு சொல்லாம இருக்காங்களாக்கும் எண்டு நாங்க நினைச்சம்."

எங்கள் சாப்பாட்டில் மூன்று நாளாகப் பால்சுறா வரவில்லை. வந்தது முருங்கைக்காயும் பருப்பும். அலுமாரித் திறப்பு மாமியின் இடுப்பில்.

நானாவிடம் சொல்லிக்கொள்ளாமலே நடந்தேன். குடை காற்றில் மடங்கிவிட்டது. ஒழுங்கையில் தண்ணீர் கணுக்கால் வரை நின்றது. படலையைத் திறந்து, வீட்டுக்குள் போகாமல் நேரே கிணற்றடிக்குப் போனேன்.

மாமி கொட்டிலுக்குள் நாயின் முன்னால் குந்தியிருந்தார். தலையில் ஓலைப் பெட்டியைக் கவிழ்த்திருந்தார், மழைக்கு. இனாமல் கோப்பையில் சரக்குக் கறி, சோற்றில் குழைத்து, ஆவி பறக்க. மீனில் நடுமுள்ளை எடுத்து, விரலால் மசித்து, ஊதி, நாயின் வாயில் வைத்துக்கொண்டிருந்தார். நாய் கண்ணை மூடி விழுங்கியது. வாய் திறக்காதபோது அதன் தாடையைத் தட்டி, "திண்ணு. திண்ணடா சனியனே. நீ செத்தால் என்ரை பிள்ளையின்ரை வயித்தில குத்துவாங்கள். திண்ணு" என்றார்.

எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. வாயில் வந்தது வேறு.

"மாமி, எத்தினை நாளா?"

அவர் திரும்பவில்லை. கையை மட்டும் நிறுத்தினார்.

"மூண்டு."

"நான் என்ன சொன்னனான்?"

"கஞ்சித்தண்ணி எண்டனீர். கஞ்சித்தண்ணியில உயிர் நிக்குமோ? எலும்பு தெரியுது. நாங்கள் எத்தினை பேரை இந்தச் சரக்கில எழுப்பி நிப்பாட்டினனாங்கள். செத்துப் பிழைச்சு வந்த பொம்பிளையள் ஒரு கிழமையில எழும்பி நடந்தவை. நாய்க்கும் குடல்தானே, தம்பி."

"அது வயித்தில கிடக்கிறதை இறக்குற சரக்கு மாமி."

"ஓம். அழுக்கு இறங்கட்டுமெண்டுதான்."

"அழுக்கெல்லாம் எப்பவோ இறங்கீட்டுது. இப்ப இறங்கிறது அதின்ரை உயிர்."

மாமி கோப்பையைப் பார்த்தார். பிறகு கொட்டிலைச் சுற்றியிருந்த சாம்பல் குவியல்களைப் பார்த்தார். மழை அவற்றைக் கரைத்துக்கொண்டிருந்தது. அவர் எதையும் எண்ணுகிறவர் இல்லை. அன்று எண்ணியிருப்பார் என்று நினைக்கிறேன். கோப்பையில் இருந்ததைக் கிணற்றடி வாழையின் கீழே கொட்டினார். கொட்டிய இடத்தில் மண்ணைக் காலால் மூடினார். நாய் அதைப் பார்த்து முனகியது.

"பிள்ளைக்குச் சொல்லாதையுங்கோ" என்றார். மறுபடியும் நீங்கள் ஆகிவிட்டேன்.

அன்று பகல் நான் வேலைக்குத் திரும்பிப் போகவில்லை. மாமியும் நானும் கொட்டில் வாசலில், ஒரே மரக்குற்றியின் இரண்டு பக்கத்தில் இருந்தோம். நாய்க்குத் தேக்கரண்டியால் கஞ்சித்தண்ணி. பத்துக் கரண்டி, பிறகு நிறுத்தி இருந்து பார்ப்பது, பிறகு பத்து. மாமி கரண்டியைப் பிடித்தார், நான் எண்ணினேன். உண்ட சரக்கு தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. பின்னேரம் நாய் எழுந்து குந்தவும் பலமில்லாமல் கிடந்த இடத்திலேயே போனது. மாமி சாக்கைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார். நாயைத் தொட்டால் குளிக்கிறவர் அவர். அன்று மூன்று சாக்குக் கழுவினார்.

வெள்ளி விடிந்தது. மழை விட்டிருந்தது. நாய் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது, கண் திறந்திருந்தது. ஆனால் எழும்பவில்லை. இஞ்சா இஞ்சா என்று கூப்பிட்டுப் பார்த்தேன். காது மட்டும் அசைந்தது. கயிற்றை மெல்ல இழுத்தேன். கழுத்து வந்தது, உடம்பு வரவில்லை.

டாக்டர் குடையை ஊன்றிக்கொண்டு வந்தார். கொட்டிலுக்குள் குனிந்து பார்த்தார். நாக்கால் சத்தம் எழுப்பினார். விரல் சொடுக்கினார். நாய் அவரைப் பார்த்தது, பிறகு விறகைப் பார்த்தது. மனைவி கொட்டில் பக்கம் வரக்கூடாது என்ற கட்டளையை மீறிக் கிணற்றடி வரை வந்து, கிணற்றுக் கட்டைப் பிடித்தபடி நின்றாள். நான் சரக்குக் கறி விஷயத்தைத் தணிந்த குரலில் சொன்னேன். டாக்டர் என்னையும் குசினிப் பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப இந்தக் களைப்பு அதாலயும் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்" என்றார். "எழும்பினாலாவது..."

அந்த நேரம் குசினியில் இனாமல் கோப்பை எதிலோ பட்டு ஒலித்தது. மாமி கஞ்சித்தண்ணியோடு வந்துகொண்டிருந்தார். நாயின் இரண்டு காதும் எழுந்தன. முன்னங்கால்களை ஊன்றியது. பின்பக்கம் ஒரு தரம் சரிந்தது. மறுபடி ஊன்றியது. நின்றது. மாமி கிட்ட வர வர வெள்ளை நுனி வால் விறகில் பட்டுப் பட்டு அடித்தது. கோப்பையை வைத்ததும் முகர்ந்து பார்த்து, சரக்குக் கறி இல்லை என்று கண்டு மாமியின் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, குடிக்கத் தொடங்கியது. கடைசிச் சொட்டு வரை நக்கி, மாமியின் விரலையும் நக்கியது. நான் எண்ண மறந்துவிட்டேன்.

டாக்டர் நிமிர்ந்தார். "விசர் வந்த நாய் ஆளை மதிச்சு எழும்பி நிக்காது" என்றார். பிறகு மாமியிடம், "ஆச்சி, பத்து நாள் முடியுமட்டும் நீங்கள்தான் கோப்பை கொண்டு வரவேணும். கோப்பை மட்டும்" என்றார்.

கிணற்றுக் கட்டைப் பிடித்து நின்ற மனைவி அப்படியே அதன்மேல் குந்திவிட்டாள். மாமி ஓடிப்போய்ப் பிடித்தார். கையில் நாயின் எச்சில் இருந்ததை மாமியும் கவனிக்கவில்லை, நானும் சொல்லவில்லை. பிறகு இரவெல்லாம் அதை நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் நாய் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பியது. கஞ்சித்தண்ணி கஞ்சியாயிற்று, கஞ்சி குழைந்த சோறாயிற்று. பத்து நாள் முடிந்ததும் அவிழ்க்கலாம் என்றாள் மனைவி. எனக்கு ஒரு சந்தேகம். பல்லுப் பட்ட சனிக்கிழமையை ஒன்று என்று எண்ணுவதா, மறுநாளை ஒன்று என்று எண்ணுவதா? டாக்டரிடம் கேட்கப் போனேன். "எப்பிடி எண்ணினாலும் நாய் உயிரோடதானே நிக்குது?" என்று கேட்டு, என்னை வாசல் வரை கொண்டுவந்து விட்டார். ஆனாலும் இன்னும் இரண்டு நாள் கட்டித்தான் வைத்திருந்தேன். கடைசியில் கயிற்றை அவிழ்த்தது மாமிதான். என்னைக் கேட்கவில்லை.

மாரி முடிகிற தறுவாயில் மகள் பிறந்தாள். தாயும் பிள்ளையும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது, அலுமாரியிலிருந்த முடிச்சில் கொஞ்சம் மஞ்சளும் நாலைந்து திப்பிலியும்தான் மிச்சம். கட்டைபறிச்சானுக்குச் சொல்லியனுப்பி மறுபடி சரக்கு எடுப்பித்தோம். அதே லோஞ்சில், நானாவின் கையிலேயே வந்தது.

"கிளாக்கர், இந்தத் தரம் மனுசருக்குத்தானே?" என்று கேட்டுவிட்டுத்தான் முடிச்சைத் தந்தார்.

மாமி அரைத்து, பால்சுறா போட்டுக் காய்ச்சினார். மிளகும் உள்ளியும் வீடெல்லாம் மணத்தன. நான் கூடத்தில் கதிரையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். கிணற்றடியிலிருந்து நாய் வந்து, அதுவரை ஒரு நாளும் ஏறாத குசினி வாசற்படியில் ஏறி, முன்னங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு இருந்தது.

"உனக்கில்லை" என்றார் மாமி. "உன்ரை பங்கை நீ முந்தியே திண்டு முடிச்சிட்டாய். போ."

நாய் போகவில்லை. மாமி அகப்பையோடு சற்று நேரம் நின்றார். பிறகு நான் பார்க்கிறேனா என்று கூடத்துப் பக்கம் பார்த்தார். நான் பத்திரிகையை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டேன். இனாமல் கோப்பையில் ஒரு துண்டு விழுகிற சத்தம் கேட்டது. ஒன்றுதான்.

பின்னேரம் ஒருவருக்கும் தெரியாமல் விறகுக் கொட்டிலுக்குப் பின்னால் நாய் குந்துகிற இடத்தைப் போய்ப் பார்த்தேன். அதுவும் ஒன்றுதான். கட்டியாக இருந்தது.